ஐந்நூறு பேரால் ஒரு பேரரசு விழுந்ததா? மெக்சிகோவில் 1519 முதல் 1521 வரை நடந்தது

கேள்வி இதுதான்: ஹெர்னான் கோர்டெஸ் ஐந்நூறு சொச்சம் ஆட்களோடு மெக்சிகோவில் இறங்கி, லட்சக்கணக்கான மக்களை ஆண்ட அஸ்டெக் பேரரசை இரண்டே வருடங்களில் எப்படி வீழ்த்தினார்? துப்பாக்கியும் குதிரையும்தான் காரணமா? அவரைக் கடவுள் என்று நம்பி அங்கிருந்தவர்களே வழிவிட்டார்களா?

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேரரசை வீழ்த்திய படையில் பெரும்பாலானவர்கள் ஸ்பானியர்களே இல்லை. அஸ்டெக் தலைநகரமான டெனோச்டிட்லானைச் சுற்றி வளைத்தபோது ஸ்பானியர் சுமார் 900 பேர். அவர்களோடு நின்ற உள்ளூர் வீரர்கள் பல பத்தாயிரம். திலாஸ்கலா, வெஹோட்சிங்கோ, டெஸ்கோகோ என்று பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். அஸ்டெக்குகளிடம் அவர்களுக்குத் தீர்க்கவேண்டிய பழைய கணக்கு இருந்தது. போர் முடிந்ததும் அதைப் பற்றி எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பியவர்கள் ஸ்பானியர்கள். அதனால் ஐந்நூறு பேர் கதை மட்டும் உலகம் முழுக்கப் பரவியது. இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கும். போரில் மாண்ட அத்தனை ஆயிரம் பேர் எடுத்த முடிவுகளும் போட்ட கணக்குகளும் அதில் இல்லாமல் போய்விடுகின்றன.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். நாம் அஸ்டெக் பேரரசு என்று சொல்வது உண்மையில் மூன்று நகரங்களின் கூட்டணி. டெனோச்டிட்லான், டெஸ்கோகோ, திலாகோபான் ஆகிய மூன்றும் 1428 வாக்கில் சேர்ந்து சுற்றுவட்டார ஊர்களை ஒவ்வொன்றாக அடக்கின. அடங்கிய ஊரை அதன் பழைய தலைவனே ஆளுவான். ஆனால் குறித்த காலத்தில் கப்பம் போய்ச் சேரவேண்டும். பருத்தித் துணி, மக்காச்சோளம், கொக்கோ விதை, பறவை இறகு, சில இடங்களில் தங்கம். எந்த ஊர் எத்தனை மூட்டை தரவேண்டும் என்று படமாக வரைந்து கணக்கே வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட அரசில் ஒரு பலவீனம் உண்டு. மேலே இருப்பவனுக்குக் கைவலு குறைந்துவிட்டது என்று தெரிந்த மறுநாளே கீழே இருப்பவன் கப்பத்தை நிறுத்திவிடுவான், அல்லது எதிரியோடு சேர்ந்துவிடுவான்.

அடங்காத ஊர்களும் இருந்தன. அவற்றில் முக்கியமானது திலாஸ்கலா. நாலாபக்கமும் மெக்சிகர்கள் (டெனோச்டிட்லான்காரர்கள் தங்களை அப்படித்தான் அழைத்துக்கொண்டார்கள்) வளைத்துவிட்டதால் அந்த நாட்டுக்குள் உப்பு வராது, பருத்தி வராது. சமையலில் உப்பில்லாமல் பல வருடங்கள் ஓட்டியதாகத் திலாஸ்கலாக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள்.

கோர்டெஸ் 1519 பிப்ரவரியில் கியூபாவிலிருந்து 11 கப்பல்களில் கிளம்பினார். கூட சுமார் 500 வீரர்கள், நூறு மாலுமிகள், 16 குதிரைகள். கியூபா ஆளுநர் டியேகோ வெலாஸ்கெஸ் கடைசி நேரத்தில் மனம் மாறி அவரைத் தடுக்கப் பார்த்தார். கோர்டெஸ் கேட்கவில்லை. ஸ்பெயின் சட்டப்படி இது கலகம். திரும்பிப் போனால் சிறை, ஏன் தூக்குகூடக் கிடைக்கலாம். அதனால் கடற்கரையில் வேரா குரூஸ் என்று ஒரு நகரத்தைக் காகிதத்தில் உண்டாக்கி, தன் ஆட்களையே நகரசபையாக்கி, அந்தச் சபை தன்னைத் தளபதியாக நியமித்ததாக எழுதவைத்து, ஆளுநரை விட்டுவிட்டு நேராக மன்னருக்கே கடிதமும் தங்கமும் அனுப்பினார். கப்பல்களைப் பயன்படாமல் ஆக்கியதும் அப்போதுதான். எரித்தார் என்று கதையில் வரும். உண்மையில் கரைதட்டி மூழ்கடித்தார். பாய், கயிறு, நங்கூரம், இரும்புச் சாமான் எல்லாவற்றையும் முதலில் கழற்றி வைத்துக்கொண்டார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இங்கே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தபாஸ்கோ கரையில் நடந்த சண்டையில் தோற்ற மாயர்கள் கோர்டெஸுக்கு இருபது பெண்களைக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி மலின்சின். பிறந்த இடத்தில் மெக்சிகர்களின் மொழியான நாவாட்ல் பேசியவள், சிறுவயதிலேயே கைமாறி மாயர்களிடம் அடிமையாகப் போனதால் மாயாவும் தெரியும். 1511இல் கப்பல் உடைந்து எட்டு வருடம் மாயர்களிடையே வாழ்ந்த ஹெரோனிமோ தெ அகிலார் என்ற ஸ்பானியரும் படையில் சேர்ந்திருந்தார். ஆக, கோர்டெஸ் ஸ்பானிஷில் சொல்வதை அகிலார் மாயாவில் சொல்வார், மலின்சின் அதை நாவாட்லில் சொல்வாள். கொஞ்ச நாளில் அவள் ஸ்பானிஷும் கற்றுக்கொண்டு நடுவிலிருந்த அகிலாரைத் தேவையில்லாமல் செய்துவிட்டாள். எந்த ஊருக்கு யார்மேல் கோபம், எந்தத் தலைவன் யாருக்குச் சம்பந்தி என்ற விவரமெல்லாம் கோர்டெஸுக்குப் புரிந்தது இவள் இருந்ததால்தான். உள்ளூர்க்காரர்கள் வரைந்த படங்களில் கோர்டெஸுக்குப் பக்கத்தில் எப்போதும் இவள் நிற்கிறாள். சிலவற்றில் நடுநாயகமாகவே நிற்கிறாள்.

சரி, திலாஸ்கலா உடனே கூட்டுச் சேர்ந்ததா? இல்லை. 1519 செப்டம்பரில் இளைய ஷிகோதென்காத் என்ற தளபதியின்கீழ் நாள்கணக்கில் கடுமையாகச் சண்டை போட்டார்கள். ஸ்பானியர் தரப்பில் காயம்படாதவர்கள் குறைவு. அதற்குப் பிறகுதான் திலாஸ்கலாவின் மூத்த தலைவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். இவர்களை அழிக்க நம் ஆட்கள் ஏராளமாகச் சாகவேண்டும். அழித்தாலும் மெக்சிகர்கள் அப்படியே இருப்பார்கள். இவர்களைக் கையில் வைத்துக்கொண்டால்? சமாதானம் பேசிக் கூட்டணி வைத்தார்கள். அடுத்த மாதமே சோலூலா என்ற ஊரில் ஸ்பானியரும் திலாஸ்கலாக்காரர்களும் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். அந்த ஊர் கொஞ்ச காலம் முன்புதான் திலாஸ்கலாவை விட்டுவிட்டு மெக்சிகர் பக்கம் சாய்ந்திருந்தது. தன் உயிருக்கு எதிராகச் சதி நடந்ததாகக் கோர்டெஸ் எழுதினார். திலாஸ்கலாவின் பழைய பகையும் அந்தப் படுகொலையில் கலந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

1519 நவம்பர் 8 அன்று அவர்கள் டெனோச்டிட்லானுக்குள் நுழைந்தார்கள். ஏரி நடுவே தீவில் கட்டிய நகரம். மக்கள்தொகை இரண்டு லட்சம் வரை மதிப்பிடுகிறார்கள், குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. கரையிலிருந்து தீவுக்கு நீண்ட கரைச்சாலைகள், இடையிடையே எடுத்துவிடக்கூடிய மரப்பாலங்கள், சபுல்தெபெக் குன்றிலிருந்து குடிநீர் கொண்டுவரும் கால்வாய். பக்கத்தில் திலாதெலோல்கோ சந்தையில் தினமும் பல்லாயிரம் பேர் கூடுவார்கள். நாம் இன்று ரசத்தில் போடுகிற தக்காளியும் மிளகாயும் அந்தச் சந்தைக்காரர்களுக்கு அன்றாடச் சரக்கு. அந்தக் காலத் தமிழ்நாட்டுச் சமையலறையில் காரத்துக்கு மிளகுதான்.

இப்போது கடவுள் கதைக்கு வருகிறேன். கெத்சால்கோவாட்ல் என்ற தெய்வம் கிழக்கிலிருந்து திரும்பி வரும் என்று நம்பியிருந்ததால் பேரரசர் மொக்டெசூமா கோர்டெஸை அந்தத் தெய்வமாகவே எடுத்துக்கொண்டார் என்பார்கள். ஆனால் கோர்டெஸ் மன்னருக்கு எழுதிய கடிதங்களில் அந்தத் தெய்வத்தின் பெயரே இல்லை. தன்னைப் பெருமையாகக் காட்ட எந்த வாய்ப்பையும் விடாதவர் இதை மட்டும் விட்டிருப்பாரா? நகரம் விழுந்து சில பத்தாண்டுகள் கழித்து, பாதிரியார்கள் மேற்பார்வையில் எழுதப்பட்டவற்றில்தான் இந்தக் கதை முழு உருவம் எடுக்கிறது. மொக்டெசூமா ஏன் உள்ளே விட்டார் என்பதற்கு எனக்குச் சரியாகப் படுகிற விளக்கம் வேறு. வெளியே திலாஸ்கலாவோடு திரிகிற இந்த ஆட்களை உள்ளே கொண்டுவந்து கண் முன்னால் வைத்துக்கொண்டால் பாலத்தை எடுத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் முடித்துவிடலாம். கணக்கு தப்பென்று சொல்ல முடியாது. கோர்டெஸ் அவரையே பணயக் கைதியாக்கிவிடுவார் என்பதைத்தான் அவர் எதிர்பார்க்கவில்லை.

1520 மே மாதத்தில் எல்லாம் தலைகீழானது. கலகக்காரனைப் பிடித்துவரச் சொல்லி கியூபா ஆளுநர் நார்வாயெஸ் தலைமையில் பெரிய படை ஒன்றை அனுப்பினார். கோர்டெஸ் கடற்கரைக்குப் போய் அவரைத் தோற்கடித்து, அந்தப் படையையும் தன்னோடு சேர்த்துக்கொண்டார். அதற்குள் தலைநகரில் பொறுப்பாக விட்டுவந்த தளபதி அல்வராதோ, தோஷ்காத் திருவிழாவில் ஆயுதமில்லாமல் ஆடிக்கொண்டிருந்த பிரபுக்களையும் வீரர்களையும் வெட்டிச் சாய்த்திருந்தார். நகரமே பொங்கி எழுந்தது. அந்தக் கொந்தளிப்பில் மொக்டெசூமா இறந்தார். கல்லடியாலா, ஸ்பானியர் கத்தியாலா என்று இரண்டு தரப்பும் இரண்டு விதமாகச் சொல்கின்றன. ஜூன் 30 இரவு ஸ்பானியர்கள் தப்பி ஓடும்போது கரைச்சாலையில் மாட்டிக்கொண்டார்கள். பல நூறு ஸ்பானியரும் அவர்களைவிட அதிகமாகத் திலாஸ்கலாக்காரர்களும் ஏரியில் மாண்டார்கள். ஸ்பானியர் சரித்திரத்தில் அதற்குச் சோக இரவு என்று பெயர்.

என்னைக் கேட்டால் இந்தக் கதை முழுவதையும் தீர்மானித்த இடம் அதற்கு அடுத்த வாரம்தான். பாதி செத்து, மீதி காயப்பட்டு, பீரங்கியெல்லாம் போய், ஸ்பானியர்கள் திலாஸ்கலா எல்லைக்கு வந்து சேர்ந்தார்கள். வழியில் ஓதும்பா சமவெளியில் குதிரைவீரர்கள் ஒரு சண்டையில் ஜெயித்துக் கொடுத்தது உண்மை. திறந்த வெளியில் குதிரைக்கும் எஃகு வாளுக்கும் பெரிய பலன் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் எல்லையில் திலாஸ்கலா கதவைச் சாத்தியிருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். சாத்தச் சொல்லி ஆட்களும் வந்தார்கள். மொக்டெசூமாவுக்குப் பிறகு பதவிக்கு வந்த குயித்லாவக், பருத்தியும் உப்பும் பரிசாகக் கொடுத்துத் தூதர்களை அனுப்பினார். பழையதை மறப்போம், சேர்ந்து இவர்களை முடிப்போம் என்பது சேதி. இளைய ஷிகோதென்காத் அதை ஏற்கலாம் என்று வாதாடினார். மூத்தவர்கள் மறுத்துவிட்டார்கள். மெக்சிகர் வாக்குக்கு என்ன மதிப்பு என்பது அவர்களுக்குப் பல தலைமுறையாகத் தெரியும். ஸ்பானியர் வாக்குக்கு என்ன மதிப்பு என்பது அப்போது தெரியாது. திலாஸ்கலா பிற்காலத்தில் சொல்லிக்கொண்டபடி, கப்பமில்லாத நிலை, கொள்ளையில் பங்கு, சோலூலாவின்மேல் உரிமை என்று பேரம் பேசித்தான் உதவினார்கள்.

இதற்கு நடுவில் பெரியம்மை வந்தது. நார்வாயெஸ் படையோடு கரையிறங்கிய நோய் அந்த இலையுதிர் காலத்தில் தலைநகரை அடைந்தது. அங்கே யாருக்கும் அந்த நோய் முன்பு வந்ததில்லை, அதனால் யார் உடம்பிலும் எதிர்ப்புச் சக்தி இல்லை. அனுபவித்தவர்கள் நாவாட்லில் சொல்லிவைத்த விவரத்தைப் படித்தால் மனம் கனத்துவிடும். முகம், மார்பு, வயிறு எங்கும் கொப்புளம். படுத்தவர்களால் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை, அசைந்தால் அலறினார்கள். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டதால் ஒருவாய்த் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லாமல் பசியிலேயே பலர் செத்தார்கள். குயித்லாவக் பதவியேற்று 80 நாளில் இதே நோயில் இறந்தார். அடுத்து வந்தவர் இளைஞரான குவாவ்தெமோக். நோய் திலாஸ்கலாவையும் விடவில்லை, கோர்டெஸின் நெருங்கிய நண்பரான மஷிஷ்காட்சின் அதில் போனார். இப்படி ஊர் ஊராகத் தலைவர்கள் செத்தபோது, அடுத்தவர் யார் என்ற தகராறில் தீர்ப்புச் சொல்லும் இடத்துக்குக் கோர்டெஸ் வந்துவிட்டார். பெரியம்மை ஆட்களைக் கொன்றதை எல்லோரும் எழுதுகிறார்கள். அது அரசியலில் இவருக்குக் கொடுத்த இந்தப் பிடியும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு முக்கியம்.

இனி முற்றுகை. நகரம் ஏரிக்குள் இருக்கிறது. தண்ணீர்வழியே ஆயிரக்கணக்கான ஓடங்களில் உணவும் வீரர்களும் வந்துபோனால் கரைச்சாலையை மட்டும் அடைத்து ஒன்றும் ஆகாது. ஆகவே கப்பல் வேண்டும். கடலோ பல நாள் நடையில். மார்ட்டின் லோபெஸ் என்ற தச்சர் பொறுப்பேற்றார். திலாஸ்கலா மலைக்காட்டில் மரம் வெட்டி அங்கேயே 13 சிறு பாய்க்கப்பல்களைச் செய்தார்கள். ஆற்றை அணைபோட்டுத் தேக்கி மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். பிறகு பலகை பலகையாகப் பிரித்தார்கள். வேரா குரூஸில் கழற்றி வைத்திருந்த பாயும் நங்கூரமும் இரும்பும் அப்போதுதான் உதவின. பலகை இடுக்குகளில் தண்ணீர் புகாமல் அடைக்கப் பைன் மரப் பிசினைக் காய்ச்சினார்கள்.

பிரித்த பலகைகளை மலை கடந்து ஏரிக்கரையில் இருந்த டெஸ்கோகோவுக்குக் கொண்டுபோகவேண்டும். அந்த நாட்டில் வண்டியும் கிடையாது, சுமை இழுக்கும் மாடும் கிடையாது. எல்லாம் மனிதத் தோளில்தான். எட்டாயிரத்துக்கு மேற்பட்ட சுமைதூக்கிகள் பலகைகளைச் சுமந்ததாகக் கோர்டெஸ் எழுதுகிறார். அவர்களுக்கு முன்னும் பின்னும் திலாஸ்கலாப் படை. சிச்சிமெகாதெகுத்லி என்ற திலாஸ்கலாத் தளபதி முன்வரிசையில் வந்தார். மெக்சிகர் எல்லை நெருங்கியதும் ஸ்பானியர்கள் அவரைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார்கள். இதுவரை எந்தப் போரிலும் நான் முன்னால்தான் போயிருக்கிறேன் என்று அவர் கோபப்பட்டார். எதிரி தாக்கினால் பின்னாலிருந்துதான் தாக்குவான், அதனால் அதுதான் ஆபத்தான இடம் என்று எடுத்துச் சொன்ன பிறகே இறங்கிவந்தார். டெஸ்கோகோவுக்குள் நுழையும்போது நல்ல உடை உடுத்தி, இறகு சூடி, முரசும் சங்கும் முழங்க வந்தார்கள். முதல் ஆள் நுழைந்து கடைசி ஆள் வந்துசேர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனதாம். மூன்று நகரக் கூட்டணியில் ஒன்றான டெஸ்கோகோவிலேயே அந்தச் சமயம் அரியணைப் போட்டியில் இருந்த இளவரசர் இஷ்த்லில்சோசித்ல் இவர்கள் பக்கம் சேர்ந்திருந்தார். அந்த வட்டாரத்து எட்டாயிரம் பேர் ஐம்பது நாள் வெட்டிய கால்வாய் வழியாக 1521 ஏப்ரல் 28 அன்று 13 கப்பல்களும் ஏரியில் இறங்கின.

ஐந்நூறு பேர் கதையில் இந்தத் தோள்களுக்கு இடமே இல்லை. மரம், சோறு, வழி, உளவு, கால்வாய் எல்லாம் உள்ளூர்க்காரர்கள் கொடுத்தது. கப்பல் கட்டும் நுட்பமும், 86 குதிரையும், 118 வில்லாளர் துப்பாக்கியாளரும், பதினெட்டுப் பீரங்கியும் ஸ்பானியருடையது.

மே கடைசியில் முற்றுகை தொடங்கியது. முதல் வேலையாகச் சபுல்தெபெக் குடிநீரை வெட்டிவிட்டார்கள். ஏரித் தண்ணீர் உப்பு. உள்ளே இருந்தவர்கள் இரண்டரை மாதம் போராடினார்கள். பல்லி, குருவி, சோளத் தட்டை, தோல் என்று கிடைத்ததைத் தின்றார்கள். ஜூன் 30 அன்று ஸ்பானியரை ஒரு கால்வாய்க்குள் இழுத்து வளைத்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை உயிரோடு பிடித்து, கோயிலில் பலியிட்டார்கள். அதைப் பார்த்ததும் கூட்டாளிகளில் பெரும்பாலோர் இரவோடிரவாக ஊருக்குப் போய்விட்டதாகப் படையில் இருந்த பெர்னால் தியாஸ் எழுதுகிறார். அந்த நாட்களில் ஸ்பானியர்கள் முகாமைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருந்தது. கூட்டாளிகள் திரும்பி வந்த பிறகுதான் முற்றுகை முன்னேறியது. யார் பலத்தில் போர் நடந்தது என்று கேட்பவர்களுக்கு நான் இந்தச் சில நாட்களைத்தான் காட்டுவேன். அப்புறம் வீடு வீடாக இடித்து, அந்த மண்ணாலேயே கால்வாய்களைத் தூர்த்து, நகரத்தைத் தரைமட்டமாக்கிக்கொண்டே உள்ளே போனார்கள். ஆகஸ்ட் 13 அன்று ஓடத்தில் தப்ப முயன்ற குவாவ்தெமோக் பிடிபட்டார். தங்கம் எங்கே என்று கேட்டு அவர் காலைச் சுட்டார்கள். 1525இல் ஹோண்டுராஸ் போகிற வழியில் தூக்கிலிட்டார்கள். இளைய ஷிகோதென்காத்தை அதற்கு முன்பே, முற்றுகையின்போது படையைவிட்டுப் போனார் என்று கோர்டெஸ் தூக்கிலிட்டிருந்தார்.

பெருவில் பிசாரோ என்ற ஸ்பானியர் 168 பேரோடு இன்கா பேரரசை ஜெயித்தாரே என்றும் கேட்பார்கள். அங்கேயும் உள்ளே பார்த்தால் இன்கா அரியணைக்கான அண்ணன் தம்பி போர் அப்போதுதான் முடிந்திருந்தது, இன்காக்கள்மேல் கோபமாக இருந்த வங்காக்களும் கன்யாரிகளும் ஸ்பானியருக்குச் சோறும் படையும் கொடுத்தார்கள். விவரம் வேறு, அடிப்படை ஒன்று.

அப்படியானால் திலாஸ்கலாக்காரர்களும் மலின்சினும் துரோகிகளா? மெக்சிகோவிலேயே இது பெரிய வாதம். மலின்சின் பெயரை வைத்து, சொந்த மண்ணைவிட அந்நியனைப் பெரிதாக நினைப்பவனை ஏசும் வழக்கமே அங்கே உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1519இல் மெக்சிகோ என்று ஒரு நாடு கிடையாது, ஸ்பானியர்கள் அங்கிருந்த பூர்வகுடிகள் எல்லோருக்கும் சேர்த்து வைத்த பெயரான இந்தியர் என்று ஒரு இனமும் கிடையாது. திலாஸ்கலாவுக்கு மெக்சிகர்கள்தான் அந்நியர்கள், எதிரிகள். மலின்சினை விற்றவர்கள், வாங்கியவர்கள், பரிசாகக் கொடுத்தவர்கள் எல்லோருமே உள்ளூர்க்காரர்கள். அவள் யாருக்கு விசுவாசமாக இருந்திருக்கவேண்டும்?

ஜெயித்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்றால், ஆளுக்கு ஒரு மாதிரி. ஸ்பானியப் படைவீரர்களுக்கு ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்து, அந்த ஊர் மக்களின் உழைப்பையும் கப்பத்தையும் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். திலாஸ்கலாவோ தனியார் கைக்குப் போகாமல் நேராக மன்னரின்கீழ் இருந்தது. தங்கள் பங்கைப் படங்களாக வரைந்தார்கள், ஸ்பெயினுக்கே தூதர்களை அனுப்பி உரிமைகளைக் கேட்டு வாங்கினார்கள். 1591இல் நானூறு திலாஸ்கலாக் குடும்பங்கள் வடக்கு எல்லையில் குடியேறப் போனபோது, குதிரை ஏறவும் ஆயுதம் வைத்துக்கொள்ளவும் அனுமதி எழுதி வாங்கிக்கொண்டுதான் கிளம்பின. ஆனால் அதற்குள் 1545இலும் 1576இலும் வந்த கொள்ளைநோய்கள் திலாஸ்கலா உட்பட மத்திய மெக்சிகோ முழுவதையும் காலி செய்திருந்தன. ஒரு நூற்றாண்டில் பத்தில் ஒன்பது பேர் குறைந்ததாகப் பல ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

பக்கத்து ஊரான வெஹோட்சிங்கோவுக்கு அந்த அளவுக்குச் சலுகை கிடைக்கவில்லை. 1560 ஜூலையில் அந்த ஊர் நகரசபை மன்னர் இரண்டாம் பிலிப்புக்கு நாவாட்லில் ஒரு கடிதம் எழுதியது. திலாஸ்கலாவாவது முதலில் உங்களோடு சண்டை போட்டது, நாங்கள் ஒருநாளும் போட்டதில்லை. யாரும் கட்டாயப்படுத்தாமல் நாங்களாகவே வந்து சேர்ந்தோம், சோறு கொடுத்தோம், காயப்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தோம், கப்பல் கட்டும்போது கூட நின்றோம் என்று வரிசையாக நினைவூட்டுகிறார்கள். அப்படியிருந்தும் இப்போது 14,800 பெசோ பணமும் அதற்கு மேல் மக்காச்சோளமும் கப்பமாகக் கேட்கிறீர்களே, எங்கள் முன்னோர்கள் யாருக்கும் கப்பம் கட்டியதில்லையே என்று முறையிடுகிறார்கள். இப்படியே போனால் இன்னும் சில வருடங்களில் ஊரே அழிந்துவிடும், தயவுசெய்து குறையுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது.